மூன்று வெயில்

சிதம்பரத்தில் தையல் கடைகளின் வெட்டுத்துணியிலிருந்து பை, தலையணை உறை எல்லாம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி இப்போது நடக்கிறது. நடத்துவது இன்ஜினியரிங் படித்த ஒரு பெண். போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு கடலூர் முதுநகருக்கே வந்துவிட்டாள். "ஆன்ட்டி, எங்களுக்கு முன்னாடியே இந்த வேலையச் செஞ்சது நீங்கதானாமே. எங்க ஸ்டாஃப்கிட்ட வந்து கொஞ்சம் பேசுங்க" என்றாள். போனேன். அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "எல்லாம் நல்லாத்தானே போயிருக்கு, அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். "புயல்ல ஷெட்டு போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அது பாதிதான் உண்மை. மீதியை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் தொழில் தையல். பதிமூன்று வயதில் அத்தை கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவள், நாற்பத்தைந்து வயது வரை பாவாடை, ரவிக்கை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று ஓட்டினேன். அந்த முப்பத்திரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. சுனாமி வந்தது.

2005 ஜனவரியில் கடலூரில் இருந்தவர்களுக்கு அந்தத் துணிக்குவியல் ஞாபகம் இருக்கும். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மனசு இருந்துதான் அனுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்ததெல்லாம் கம்பளி ஸ்வெட்டர், கிழிந்த நைட்டி, ஒற்றைக்கால் சாக்ஸ், கல்யாணக் கோட்டு. தேவனாம்பட்டினம் பக்கம் ரோட்டோரமாக இடுப்பளவுக்குக் கொட்டிக் கிடந்தது. ஆட்கள் மிதித்தார்கள், ஆடு படுத்தது, பனியில் நனைந்து நாற்றமெடுத்தது. "வீடு போச்சு, புள்ள போச்சு, அதுக்காவ ஊரான் அவுத்துப் போட்டத உடுத்துவமா?" என்று ஒரு மீனவ அம்மா என்னிடமே கேட்டாள். நான் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்களோடு போய், உடுத்தத் தகுந்ததைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் பிலோமினா சிஸ்டரைப் பார்த்தேன். கன்னியாஸ்திரீ இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு சிதம்பரம். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, கையில் ரப்பர் கிளவுஸ். எல்லோரும் குவியலின் மேல் ஏறி நின்று இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் ஓரமாகக் குந்தி, ஒரு வேட்டியிலிருந்து ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியால் கொளுத்தி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சிஸ்டர் பண்றீங்க?" என்றேன்.

"காகிதம் எரியிற வாசனை வந்தா பருத்தி. உருண்டு கருப்பு மணியா ஆனா பாலியஸ்டர். இதெல்லாம் நாளைக்குக் கொளுத்திடப் போறாங்களாம். நீங்க தையல்காரங்கதானே? எங்கூட வர்றீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. திட்டமும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லை சிஸ்டர் வாடகைக்கு எடுத்தார். ஏன் அரிசி மில் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. நெல் அவிக்கிற தொட்டி இருந்தது, நெல் காய வைக்கிற பெரிய சிமென்ட் களம் இருந்தது. துணியை அவிக்கவும் உலர்த்தவும் அதைவிட வேறென்ன வேண்டும்? கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்.

பாலியஸ்டரையும் நைலக்ஸையும் நாடாவாகக் கிழித்து மிதியடி பின்னினோம். கலர் பருத்தி, பையும் மெத்தை விரிப்பும் ஆனது. சுனாமித் துணி தீர்ந்த பிறகு கடலூர், சிதம்பரம் தையல் கடைகளில் மூட்டை கட்டி வைக்கச் சொல்லி வெட்டுத்துணி எடுத்துவந்தோம். நல்ல வெள்ளைப் பருத்தியை மட்டும் சிஸ்டர் தொடவிடமாட்டார். தற்காலிகக் குடியிருப்பில் இருந்த பெண்கள் அவரிடம் ரகசியமாகக் கேட்டிருந்தார்கள்: மாச நாட்களுக்குத் துணி வேண்டும், சோறு துணி பாத்திரம் எல்லாம் தருகிறார்கள், இதை யாரும் தரவில்லை என்று. வெள்ளைத் துணி அதற்குப் போனது. அணையாடை என்று சிஸ்டர் பேர் வைத்தார். நாங்கள் 'மடிப்பு' என்போம்.

அந்த மடிப்பு எப்படிச் செய்வோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் பட்டன், ஊக்கு, ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எடுப்போம். அதன் பிறகும் ஒவ்வொரு துணி மேலும் ஒரு காந்தத்தை நகர்த்துவோம். எங்கேயாவது ஒரு குண்டூசி ஒளிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு சலவை சோடாவில் ஒரு ராத்திரி ஊற வேண்டும். மறுநாள் தொட்டியில் கொதி வந்ததிலிருந்து அரை மணி நேரம். மூன்று தண்ணீரில் அலசல். பிறகு களத்தில் கயிறு கட்டி மூன்று வெயில். ஒரு முழுப் பகல் அடித்தால்தான் ஒரு வெயில். மத்தியானம் மேகம் போட்டால் அன்றைக்கு வெயில் கணக்கில்லை. அப்புறம் வெட்டி, மடித்து, தைத்து, சூடாக இஸ்திரி போட வேண்டும். கடைசியாக டம்ளர். இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் மடிப்பின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து முப்பது எண்ண வேண்டும். உள்பக்கம் ஆவி படிந்தால் நடுவே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றாக அவித்த அந்த லாட் மொத்தமும் களத்துக்குத் திரும்பிப் போகும்.

ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் மூன்று கட்டம், மூன்று வெயிலுக்கு. நான்காவது கட்டம் டம்ளருக்கு. டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "தியேட்டர்ல பஞ்சு எண்ணுவோம் அமுதா. வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி ஒருத்தி எண்ணிச் சொல்லுவா. அவ சொன்னா டாக்டர் மறுபேச்சுப் பேசமாட்டாரு. இங்க அது நீங்கதான்" என்று சிஸ்டர் சொன்னார்.

அவர் ஒருமையில் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொட்டிக்கு விறகு தள்ளுகிற பெண்ணைக்கூட நீங்க, வாங்க என்பார். குரல் உயராது. தப்பு நடந்தால் திட்டமாட்டார். அந்தத் துணியை எடுத்துவந்து நம் எதிரில் வைத்துவிட்டு, நாமே கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அப்படி நிற்பது திட்டைவிடக் கஷ்டமாக இருக்கும். நாங்கள் நின்று வேலை செய்தால் அவரும் உட்காரமாட்டார். எனக்கு அவர் மேல் பக்தி இருந்தது. போகப்போக ஒரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது, அதையும் எழுதத்தான் வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். "சிஸ்டர் இல்லன்னா இது ஏது" என்பார்கள். தைத்ததும் வெட்டியதும் நான்.

2008 கார்த்திகை மாசம் அடித்த மழை கடலூர் ஜில்லாவையே மூழ்கடித்தது. வெள்ளாறு கரை தொட்டு ஓடியது. பஸ் எப்போது போகும், எப்போது நிற்கும் என்று தெரியாததால் நான் மில்லிலேயே தங்கிவிட்டேன். சிஸ்டர் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். போகும்போது, "அமுதா, நீங்க பாத்துக்குங்க. வெயில் இல்லன்னா மடிப்பு வேணாம். மிதியடி மட்டும் பின்னுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு நாங்கள் மாசாமாசம் மடிப்பு கொடுத்துவந்தோம். வார்டன் அம்மா போன் செய்தார். "கடையெல்லாம் மூடிக் கிடக்கு, பிள்ளைங்க ஊருக்கும் போக முடியல, வெச்சிருந்ததும் தீந்துபோச்சு. எப்படியாவது அனுப்புங்கம்மா. உங்களால முடியுமா, இல்ல சிஸ்டர்கிட்டதான் கேக்கணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைக் குத்தியது.

"முடியும்" என்றேன்.

அவித்து அலசிய ஒரு லாட் இருந்தது. ஒரு நாள், அதுவும் அரை நாள், வெயில் பார்த்திருந்தது. குடோனுக்குள் கயிறு கட்டி, ஃபேன் போட்டு, இரண்டு நாள் ஆற்றினேன். தொட்டால் உலர்ந்த மாதிரி இருந்தது. தைத்து இஸ்திரி போட்டோம். களத்து வேலை பார்க்கும் சாந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இது மூணு வெயில் பாக்கலியேக்கா. சிஸ்டர் ஒத்துக்க மாட்டாங்க."

"சிஸ்டர் இல்லன்னா இங்க ஒன்னும் நடக்காதா? இஸ்திரிச் சூடு வெயிலவிட ஜாஸ்திடி. போய் வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள். நான் டம்ளரைக் கவிழ்த்தேன். முப்பது எண்ணினேன். தூக்கிப் பார்த்தேன். உள்ளே மெல்லிசாக ஆவி படிந்திருந்தது. ரொம்பவும் இல்லை, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி. முந்தானையால் அதைத் துடைத்தேன். சீட்டில் நான்கு கட்டத்திலும் டிக் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, முழங்கால் தண்ணீரில் ஆட்டோ போகாததால், நானே தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வார்டன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் நிஜம். இப்போது நினைத்தால் அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. பல பிள்ளைகளுக்கு அரிப்பு, கொப்புளம். மருந்து போட்டதும் சரியாகிவிட்டது. மலர் என்ற பிள்ளைக்கு மட்டும் சரியாகவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். புண் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஈரத்துணியில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த மழையில் ஹாஸ்டலிலும் துவைத்த துணியை உலர்த்த இடமில்லை, பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் காயப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாராம். இந்த இரண்டாவது காரணத்தை நான் ரொம்ப வருஷம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அது என்னைத் தாங்கவில்லை.

சிஸ்டர் கறுப்புக் கண்ணாடி போட்டபடி பாண்டிச்சேரியிலிருந்து நேராக மில்லுக்கு வந்தார். அலமாரியில் அந்த லாட்டில் மீந்த இரண்டு கவர் இருந்தது. ஒன்றைக் கத்தரியால் வெட்டினார். மடிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கில். எனக்கு எதிரே மேஜை மேல் வைத்தார். வழக்கம்போல் நின்றார்.

"இது எத்தனை வெயில் அமுதா?"

"ஒன்னு சிஸ்டர். அதுவும் அரை."

"டம்ளர்?"

சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். நான்கு டிக்கையும் என் கையெழுத்தையும் பார்த்தார். நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்தப் பொண்ணு ஊருக்குப் போறோம்" என்றார்.

மலரின் ஊர் புவனகிரி தாண்டி உள்ளே. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். ஹாஸ்டலிலிருந்து டி.சி. வாங்கி வந்துவிட்டார்கள். அவள் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. வாசலில் எங்களுக்கு ஒரு பாய் விரித்தார்கள். சிஸ்டர் உட்காரவில்லை. அதனால் நானும் நின்றேன்.

மலரின் அம்மா சத்தம் போடவில்லை. "ஆஸ்டல்ல உட்டாதான் படிக்கும்னு உட்டேன். இப்ப ஊரே கேக்குது, பொண்ணுக்கு அங்க என்னா புண்ணுன்னு. நான் என்னான்னு சொல்லுவேன்? எவ்ளோ பேரு என்னென்ன பேசுறாங்க தெரியுமா உங்களுக்கு?"

"தப்பு எங்களுதுதாம்மா" என்றார் சிஸ்டர். "உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. நாங்க குடுத்த துணி சரியா காயல. எடத்த நடத்துறவ நான். பொறுப்பு என்னுது. யாரு கேட்டாலும் என் பேர சொல்லுங்க. நானே வந்து ஊர்ல சொல்றேன்."

அவர் பக்கத்தில் நான் நிற்கிறேன். கால்விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன்.

அப்பா சொன்னார், "நீங்க வந்து சொன்னது பெருசுங்க. ஆனா இனிமே படிப்பு வேணாம். என் தங்கச்சி வீட்ல கேக்குறாங்க. பேச்சு பெருசாவறதுக்குள்ள குடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்."

ஒன்றாம் வகுப்பில் பிந்திச் சேர்த்த பிள்ளை. வயது பதினெட்டு முடிந்திருந்தது. சின்னப் பிள்ளைக் கல்யாணம் என்று யாரிடமும் போய் முறையிட வழியில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மலர் எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள். சிஸ்டர் சொன்னார். இரண்டு மணி நேரம் நின்றபடி, விதவிதமாகச் சொன்னார். ஆபரேஷன் ஆன கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மலரின் அப்பா இறங்கிவரவில்லை. தை மாசம் கல்யாணம் முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. புவனகிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது கேட்டேன்.

"என் பேர ஏன் சிஸ்டர் சொல்லல?"

"சொன்னா அந்தப் பொண்ணு பரீட்சை எழுதிடுவாளா?"

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

நான்கு வருஷத்தில் முதன்முறையாக என்னை 'நீ' என்றார். மறுநாளிலிருந்து பழையபடி நீங்க, வாங்க. வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மடிப்பு வேலை மட்டும் நின்றது. சீட்டு எழுதுகிற வேலையும் அதோடு போனது. நான் வெட்டினேன், தைத்தேன்.

பேச்சு பரவாமல் இருக்குமா? செத்தவன் துணி, சுடுகாட்டுத் துணி என்று ஆரம்பித்தார்கள். எங்கள் பைகளைக்கூடக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு பேர் ஐந்து பேரானோம். "வீட்டுக்காரரு வேணாங்கறாருக்கா" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். சாந்தி கடைசிவரை இருந்தாள். அந்த டம்ளர் விஷயம் அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஒரு நாளும் கேட்கவில்லை. மிதியடியும் தலையணையுமாக மூன்று வருஷம் இழுத்தோம். 2011 முடிகிற சமயம் 'தானே' புயல் வந்து மில்லின் கூரையைச் சுருட்டிக்கொண்டு போனது. சேர்த்துவைத்த துணியெல்லாம் ஊறி, அழுகி, கடைசியில் டிராக்டரில் ஏற்றிக் குப்பைமேட்டில்தான் கொட்டினோம். புயல் வராவிட்டாலும் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டோம்.

மாசி மாசம் சிஸ்டர் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அடக்கத்துக்குப் போனேன். அவர் கைப்பையில் போட்ட சீட்டு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை.

அந்த வருஷம் ஆடியில் ஏதோ சாமான் வாங்கச் சிதம்பரம் போனவள், பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"நீங்க சிஸ்டரோட ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்தீங்க இல்ல? நான் மலரு."

முகம் வாடியிருந்தது. பேச்சு மட்டும் அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே பேச்சு. நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன். "இருக்கேன்" என்றாள். பரீட்சையைப் பற்றி நான் கேட்கவில்லை.

"சிஸ்டர் போயிட்டாங்களாமே. எனக்கு லேட்டாதான் தெரிஞ்சுது. மாசத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போவாங்க. புஸ்தகம் எடுத்தாருவாங்க. பிரைவேட்டா எழுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எங்க வீட்ல உடல." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "எங்கம்மா இன்னும் அவுங்கள திட்டும். அந்தக் கெழவி பண்ண தப்புக்கு எம் பொண்ணு வாழ்க்க போச்சுன்னு. எனக்கு அவுங்க மேல கோவமே இல்லீங்க. தப்பு பண்ணவங்க வந்து நேரா நின்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல. யாரு அப்படி வர்றா?"

பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு கூட்டம். இருந்தாலும் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள சிஸ்டர் உயிரோடு இல்லை, உண்மை தெரிந்தவள் நான் மட்டும்தான் மீதி.

"அப்ப நீங்க அங்க என்னா வேல பாத்தீங்க?" என்று மலர் கேட்டாள்.

"தையல்மா" என்றேன்.

கடலூர் பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கி நிறுத்தி எனக்கு டாட்டா காட்டச் சொன்னாள். நான் ஏறிக்கொண்டேன்.